டிஸ்க் இடமா, டேட்டா பாதுகாப்பா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. ஓராண்டு கழிகிறது. மொபைல் போனிலிருந்து மாற்றிய போட்டோக்கள், திருமண வீடியோ, குழந்தைகளின் கேம்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஒருநாள் "திஸ் பிசி" விண்டோவைத் திறந்தால், சி டிரைவின் பெயருக்குக் கீழே நீல நிறத்தில் இருந்த பட்டை சிவப்பாக மாறியிருக்கும். இடம் தீரப்போகிறது என்று பொருள்.

உடனே எதை அழிக்கலாம் என்று தேடுகிறோம். முதலில் ரீசைக்கிள் பின் காலியாகிறது. அடுத்து யாரோ சொன்னார்கள் என்று சிஸ்டம் ரெஸ்டோர் வசதி நிறுத்தப்படுகிறது. "இதுதான் அங்கேயும் இருக்கிறதே" என்று போட்டோக்களின் இரண்டாவது பிரதி நீக்கப்படுகிறது. கொஞ்சம் இடம் கிடைக்கிறது. ஆனால் எந்த இடம் நம் டேட்டாவைக் காப்பதற்கு ஒதுக்கப்பட்டிருந்ததோ, அதைத்தான் பெரும்பாலும் பறித்திருப்போம்.

இதற்கு நேர்மாறாக நடந்துகொள்பவர்களும் உண்டு. பயத்தில் எல்லாவற்றையும் மூன்று நான்கு இடங்களில் காப்பி செய்து, டிஸ்க்கை நிரப்பிவிட்டு, எது புதியது எது பழையது என்று தெரியாமல் தவிப்பார்கள்.

இரண்டுமே வேண்டாம். எந்தப் பாதுகாப்பு எவ்வளவு இடம் எடுக்கிறது, அந்த இடத்திற்கு ஈடாக எதிலிருந்து நம்மைக் காக்கிறது என்று தெரிந்துகொண்டால், இருக்கும் இடத்திலேயே தேவையான பாதுகாப்பைப் பெறலாம். அதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

256 வாங்கினால் 238 தானா?

முதலில் ஒரு பொதுவான சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024 x 1024 x 1024 பைட் என்று கணக்கிடுகிறது. அதனால் 256 ஜிபி டிஸ்க் விண்டோஸில் சுமார் 238 ஜிபி என்று தெரியும். 512 ஜிபி என்பது சுமார் 476. ஒரு டிபி என்பது சுமார் 931. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அளவுகோல்தான் வேறு.

இந்த 238 ஜிபியும் உங்களுக்கே அல்ல. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி டிஸ்க் வேண்டும் என்கிறது மைக்ரோசாப்ட். இது தவிர, அப்டேட் வரும்போது இடம் இல்லாமல் திணறக்கூடாது என்பதற்காகச் சுமார் 7 ஜிபியை விண்டோஸ் தனியே ஒதுக்கி வைக்கிறது. 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிய கம்ப்யூட்டர்களில் இந்த வழக்கம் இருக்கிறது.

பாதுகாப்பிற்காக விண்டோஸ் இடம் எடுப்பதும் புதிதல்ல. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது பல வீடுகளில் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்தான். அதில் 10 சதவீதம் வரை ரீசைக்கிள் பின்னும், 12 சதவீதம் வரை சிஸ்டம் ரெஸ்டோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எக்ஸ்பியில் அமைக்கப்பட்டிருந்தது. கூட்டினால் 22 சதவீதம், அதாவது 40 ஜிபியில் கிட்டத்தட்ட 9 ஜிபி. ஒரு ஜிபி கூட அருமையாக இருந்த காலத்திலேயே, ஐந்தில் ஒரு பங்கு பாதுகாப்பிற்குத் தரலாம் என்பதே கணக்கு. இன்று டிஸ்க் பெரிதாகிவிட்டது. ஆனால் நம் டேட்டாவும் அதே வேகத்தில் பெருகிவிட்டது.

ரீசைக்கிள் பின்: அவசரக் கைக்கு ஒரு தடுப்பு

தவறுதலாக அழித்த பைலைத் திரும்ப எடுப்பதற்கு உள்ள வசதி ரீசைக்கிள் பின். இப்போதைய விண்டோஸில், முதல் 40 ஜிபிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் உள்ளதற்கு 5 சதவீதம் என்று இதன் உச்ச அளவு கணக்கிடப்படுகிறது. 238 ஜிபி டிரைவில் இது சுமார் 14 ஜிபி. இது உச்ச அளவுதான். பைல் எதுவும் அழிக்கப்படாத வரை இந்த இடம் உங்களுக்கே பயன்படும்.

அளவைக் குறைக்க விரும்பினால், ரீசைக்கிள் பின் ஐகானில் ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் பிராப்பர்ட்டீஸ் தேர்வு செய்திடவும். விண்டோவில் ஒவ்வொரு டிரைவிற்கும் உரிய அளவு எம்பி கணக்கில் காட்டப்படும். 256 ஜிபி டிஸ்க் உள்ளவர்கள் 8 அல்லது 10 ஜிபி வைத்துக்கொண்டால் போதும். வீடியோ எடிட் செய்பவர்கள் குறைக்க வேண்டாம். ரீசைக்கிள் பின்னின் அளவைவிடப் பெரிய பைலை அழித்தால், அது உள்ளே போகாமல் நேரடியாக நீக்கப்பட்டுவிடும்.

பென் டிரைவிலிருந்து அழிக்கும் பைல்களும், ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு டெலீட் செய்யும் பைல்களும் ரீசைக்கிள் பின்னிற்கு வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

"அழித்தால் என்ன, ரெக்கவரி புரோகிராம் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இது ஓரளவு சரி. அழிக்கப்பட்ட பைல் இருந்த இடத்தில் வேறு டேட்டா எழுதப்படும் வரை பழையது அங்கேயே இருக்கும். இன்று லேப்டாப்களில் வருவது எஸ்.எஸ்.டி. இதில் ஒரு பைல் அழிக்கப்பட்டவுடன், "இந்த இடம் இனித் தேவையில்லை" என்று விண்டோஸ் டிஸ்க்கிற்குச் சொல்லிவிடுகிறது. இதற்கு டிரிம் என்று பெயர். டிஸ்க்கும் அந்த இடத்தைத் துடைத்துவிடுகிறது. பிறகு எந்த ரெக்கவரி புரோகிராமும் பெரும்பாலும் கைகொடுக்காது. எனவே எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டரில் ரீசைக்கிள் பின்னின் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

சிஸ்டம் ரெஸ்டோர்: விண்டோஸிற்குப் பாதுகாப்பு, போட்டோவிற்கு அல்ல

2000-ல் வந்த விண்டோஸ் மி பதிப்பில்தான் சிஸ்டம் ரெஸ்டோர் அறிமுகமானது. புதிய டிரைவரோ புரோகிராமோ நிறுவியதால் விண்டோஸ் தகராறு செய்தால், அதற்கு முந்தைய ஒரு நாளின் நிலைக்கு விண்டோஸைத் திருப்பிக் கொண்டுசெல்வது இதன் வேலை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இதைப் பற்றித் தவறாக எண்ணியிருக்கின்றனர். சிஸ்டம் ரெஸ்டோர் இயக்கினால் அழித்த போட்டோ திரும்பி வராது. உங்கள் கடிதமோ எக்ஸெல் பைலோ இதனால் மாறாது. அது விண்டோஸின் சிஸ்டம் பைல்களையும், ரெஜிஸ்ட்ரியையும், நிறுவிய புரோகிராம்களையும்தான் கவனிக்கிறது.

பல புதிய கம்ப்யூட்டர்களில் இந்த வசதி இயங்காமலேயே இருக்கும். உங்களுடையதில் எப்படி என்று பார்க்க:

1. ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் ரெஸ்டோர் பாயிண்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். "கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்" என்று வருவதில் கிளிக் செய்திடவும்.

2. கிடைக்கும் சிஸ்டம் புரொடெக்ஷன் டேபில் சி டிரைவைத் தேர்வு செய்து, கான்பிகர் பட்டனில் கிளிக் செய்திடவும்.

3. "டர்ன் ஆன் சிஸ்டம் புரொடெக்ஷன்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

4. கீழே உள்ள மேக்ஸ் யூசேஜ் என்னும் பட்டையை 3 முதல் 5 சதவீதத்திற்குள் அமைத்து ஓகே கொடுக்கவும்.

238 ஜிபியில் 5 சதவீதம் என்றால் சுமார் 12 ஜிபி. இது நிரம்பினால் பழைய ரெஸ்டோர் பாயிண்ட்கள் தாமாகவே நீக்கப்படும். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் மாத அப்டேட்டிற்குப் பிறகு, ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் அதிகபட்சம் 60 நாட்களே வைத்திருக்கப்படுகிறது. எனவே 10 சதவீதம், 15 சதவீதம் என்று அள்ளிக்கொடுப்பதில் பயன் இல்லை. அதற்காக முழுவதும் நிறுத்தவும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. 2017 மே மாதம் 12-ஆம் தேதி உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அத்துடன், டிஸ்க்கில் விண்டோஸ் எடுத்து வைத்திருந்த ஷேடோ காப்பிகளையும் அழித்தது. ரெஸ்டோர் பாயிண்ட்கள் இந்த ஷேடோ காப்பிகளை நம்பியே இருக்கின்றன. அதே டிஸ்க்கில் இருக்கும் பாதுகாப்பு, வீட்டுச் சாவியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போலத்தான்.

டி டிரைவ் என்னும் மாயை

இதன் தொடர்ச்சியாக ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுப்பவர்கள் டிஸ்க்கைச் சி, டி, ஈ என்று பிரித்துத் தருவார்கள். "முக்கியமானதை டி டிரைவில் ஒரு காப்பி போட்டு வையுங்கள்" என்றும் சொல்வார்கள். பலரும் அப்படியே செய்கின்றனர்.

இதில் ஒரு நன்மை உண்டு. சி டிரைவை பார்மட் செய்து விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டி வந்தால், டி டிரைவில் உள்ளவை தப்பிக்கும். ஆனால் சி, டி, ஈ ஆகிய மூன்றும் ஒரே டிஸ்க்கின் மூன்று பகுதிகள். டிஸ்க் பழுதானால் மூன்றும் ஒன்றாகப் போகும். லேப்டாப் திருடு போனாலும், மின்சாரக் கோளாறில் எரிந்தாலும் அப்படியே.

இடக் கணக்கில் பாருங்கள். 50 ஜிபி போட்டோக்களைச் சி டிரைவிலும் டி டிரைவிலும் வைத்தால் 100 ஜிபி போகிறது. செலவானது இரட்டிப்பு இடம். டிஸ்க் பழுதாகும் நாளில் கிடைக்கும் பாதுகாப்போ சுழியம். இடம் இல்லாமல் தவிக்கும் கம்ப்யூட்டரில் தயக்கமின்றி முதலில் நீக்கக்கூடியது இந்த உள்காப்பிதான். ஆனால் ஒரு நிபந்தனை: வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி இருப்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே நீக்க வேண்டும்.

டிஸ்க் அவ்வளவு எளிதில் பழுதாகுமா? லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டிஸ்க்குகளின் பழுது விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2024-ல் அது சுமார் ஒன்றரை சதவீதம். நூறு டிஸ்க்கில் ஒன்றோ இரண்டோ. குறைவுதான். ஆனால் அவை குளிரூட்டப்பட்ட அறையில், சீரான மின்சாரத்தில், அசையாமல் இருக்கும் டிஸ்க்குகள். நம் லேப்டாப் பேருந்தில் போகிறது, மடியில் கிடக்கிறது, குழந்தைகளின் கையிலும் விழுகிறது.

சுருக்கி வைத்தால் இடம் மிச்சமாகாதா?

இந்த ஆசையும் பழையதுதான். 1993-ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எம்.எஸ். டாஸ் 6 பதிப்பில் டபுள்ஸ்பேஸ் என்றொரு வசதி இருந்தது. டிஸ்க்கில் உள்ளவற்றைச் சுருக்கி, ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் தரும் என்றார்கள். பலரும் ஆவலுடன் பயன்படுத்தினார்கள். ஆனால் டிரைவில் உள்ள அனைத்தும் மறைவான ஒரே பெரிய பைலாகச் சேமிக்கப்பட்டது. அந்தப் பைல் கெட்டால் எல்லாமே ஆபத்தில். டேட்டா போய்விட்டது என்று புகார்கள் கிளம்ப, அதே ஆண்டில் கூடுதல் பாதுகாப்பு வசதிகளுடன் 6.2 பதிப்பு வெளியிடப்பட்டது.

இன்றைய விண்டோஸில் போல்டர்களைச் சுருக்கும் வசதி பாதுகாப்பானது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடத்தை நிரப்புபவை போட்டோ, வீடியோ, பாடல். ஜேபெக், எம்பி4, எம்பி3 ஆகிய மூன்றுமே ஏற்கனவே சுருக்கப்பட்ட வகைகள். இவற்றை ஜிப் செய்தாலும் பெரிதாக இடம் மிச்சமாகாது. டெக்ஸ்ட் பைல்களும் எக்ஸெல்லின் பழைய வகை பைல்களும் சுருங்கும். ஆனால் அவை எடுக்கும் இடமே குறைவு.

இரட்டை டிஸ்க் வைத்தால்?

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க்குகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அதே நேரத்தில் எழுதப்படும்படி அமைக்கலாம். இதற்கு மிரரிங் அல்லது ரெய்டு 1 என்று பெயர். ஒரு டிபி அளவில் இரண்டு டிஸ்க் வாங்கினால், பயன்படுத்தக் கிடைப்பது ஒரு டிபி மட்டுமே. பாதி இடம் பாதுகாப்பிற்குப் போகிறது.

இதனால் கிடைப்பது, ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காது என்பது மட்டுமே. தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்தால் இரண்டிலும் வரும். கடை, அலுவலகம் போன்ற இடங்களுக்கு இது ஏற்றது. வீட்டில் இரண்டாவது டிஸ்க் வாங்கப் பணம் இருந்தால், அதைப் பெட்டிக்குள் பொருத்தாமல் வெளியே வைத்துப் பேக் அப் எடுப்பதே லாபம்.

பைல் ஹிஸ்டரி: கொஞ்சம் கணக்குப் பார்த்து

வெளி டிஸ்க் என்றவுடன் போல்டர்களை இழுத்துப்போட்டு காப்பி செய்வதுதான் பலருக்குத் தெரியும். இதில் ஒவ்வொரு முறையும் எல்லாம் காப்பி ஆகும். "போட்டோ பழையது", "போட்டோ புதியது", "போட்டோ கடைசி" என்று போல்டர்கள் பெருகும். விண்டோஸ் 8 முதல் பைல் ஹிஸ்டரி என்ற வசதி இருக்கிறது. இது மாறிய பைல்களை மட்டும் தேடி எடுத்து வெளி டிஸ்க்கில் சேமிக்கிறது. பழைய பதிப்பையும் வைத்துக்கொள்கிறது. நேற்று எழுதிய பத்தியை இன்று அழித்துவிட்டால், நேற்றைய பைலை எடுக்கலாம்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இணைத்து, கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி பிரிவில் பைல் ஹிஸ்டரி தேர்வு செய்து, டர்ன் ஆன் என்பதில் கிளிக் செய்திடவும். இதன் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இரண்டு விஷயங்கள் உள்ளன.

முதலாவது, எத்தனை நேரத்திற்கு ஒரு முறை காப்பி எடுப்பது. மாற்றாவிட்டால் ஒரு மணி நேரம்.

இரண்டாவது, பழைய பதிப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது. மாற்றாவிட்டால் பாரெவர், அதாவது எப்போதும். இங்கேதான் இடம் கரைகிறது. 300 கேபி கடிதம் ஒன்றைப் பத்து முறை மாற்றினால் பத்துப் பதிப்புகளும் சேர்ந்து 3 எம்பி. கவலை இல்லை. ஆனால் ஒரு பைல் 2 ஜிபி அளவில் இருந்து, அது மணிக்கு ஒருமுறை மாறினால், எட்டு மணி நேரத்தில் 16 ஜிபி போய்விடும். பெரிய மெயில் பைல்களும் வீடியோ எடிட்டிங் புரோகிராம்கள் உருவாக்கும் பைல்களும் இப்படிப்பட்டவை.

எனவே பாரெவர் என்பதை மாற்றி, ஆறு மாதம் அல்லது "அன்டில் ஸ்பேஸ் இஸ் நீடட்" என்று அமைக்கவும். பெரிய பைல்கள் உள்ள போல்டரை எக்ஸ்க்ளூட் போல்டர்ஸ் பட்டியலில் சேர்த்துவிட்டு, அவற்றை மட்டும் வாரம் ஒருமுறை நீங்களே காப்பி செய்துகொள்ளுங்கள். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டெஸ்க்டாப் போன்றவை தாமாகச் சேரும். டி டிரைவில் நீங்கள் தனியாக உருவாக்கிய போல்டர் தானாகச் சேராது.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களில் 2007 முதல் உள்ள டைம் மெஷின் இந்தக் கணக்கை அழகாகப் போடுகிறது. கடந்த 24 மணி நேரத்திற்கு மணிக்கு ஒரு காப்பி, கடந்த ஒரு மாதத்திற்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தையதற்கு வாரத்திற்கு ஒன்று. டிஸ்க் நிரம்பினால் மிகப் பழையது நீங்கும். நேற்றைய தவறைத் திருத்த மணிக்கணக்கு வேண்டும். சென்ற ஆண்டு பைலுக்கு வாரக்கணக்கே போதும். விண்டோஸில் நாமே காப்பி எடுக்கும்போதும் இந்த முறையைப் பின்பற்றலாம்.

கிளவுட்: சின்ன அறை, ஆனால் வெளியூரில்

இணையத்தில் சேமித்தால் டிஸ்க் இடமே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாப்ட் ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. கூகுளில் 15 ஜிபி, அதுவும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் ஆகிய மூன்றிற்கும் சேர்த்து. கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டது 2021 ஜூன் முதல் நின்றுவிட்டது.

விண்டோஸ் 11-ல் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்கள் ஒன்டிரைவுடன் இணைக்கப்பட்டிருக்கலாம். போட்டோக்கள் சேர்ந்தால் 5 ஜிபி சீக்கிரம் நிரம்பி, இடம் வாங்கும்படி செய்திகள் வரும். இடம் வேண்டுமே என்று ஒன்டிரைவ் போல்டரில் உள்ள பைலை அழித்தால், இணையத்தில் உள்ளதும் சேர்ந்து அழியும். இது சிங்க், அதாவது இரு பக்கமும் ஒன்றுபோல் வைத்திருக்கும் வசதி. அழித்தவை ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாட்கள் இருக்கும். பிறகு போய்விடும்.

ஆனாலும் கிளவுடிற்கு ஒரு பெரிய பலன் உண்டு. வீட்டில் வெள்ளம் வந்தாலும் திருட்டு நடந்தாலும் அது பாதிக்கப்படாது. எனவே அந்த 5 ஜிபியில் போட்டோக்களைப் போட்டு நிரப்பாமல், மிக முக்கியமான ஆவணங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பைல்களை மூன்றாகப் பிரியுங்கள்

எல்லா பைலுக்கும் ஒரே பாதுகாப்பு என்றால் எந்த டிஸ்க்கும் போதாது. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது போனால் திரும்பக் கிடைக்குமா?

1. எங்கும் கிடைக்காதவை: குடும்பப் போட்டோக்கள், நீங்கள் எழுதியவை, கணக்குகள், மாணவர்களின் ஆய்வேடு, மறைந்தவர்களின் குரல் பதிவு. இவற்றிற்கு மூன்று பிரதி வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வீட்டிற்கு வெளியே ஒன்று. பீட்டர் குரோ என்ற போட்டோகிராபர் பரவலாக்கிய "3-2-1" விதி இதுதான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில்.

2. சிரமப்பட்டால் கிடைப்பவை: ஸ்கேன் செய்த சான்றிதழ்கள், வங்கி ஸ்டேட்மெண்ட்கள், நண்பர்களிடமும் இருக்கும் வீடியோக்கள். வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி போதும். சான்றிதழ்கள் சிறியவை என்பதால் கிளவுடிலும் போடலாம்.

3. எளிதில் கிடைப்பவை: டவுன்லோட் செய்த புரோகிராம்கள், சினிமா, கேம்ஸ், வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள். பேக் அப் தேவையே இல்லை.

பெரும்பாலான வீடுகளில் டிஸ்க்கை நிரப்புவது மூன்றாவது வகை. இடம் குறையும்போது கை வைக்க வேண்டியதும் இதில்தான்.

ஒரு மாதிரி பட்ஜெட்

256 ஜிபி லேப்டாப்பிற்கு (விண்டோஸில் 238) இப்படித் திட்டமிடலாம்:

விண்டோஸும் புரோகிராம்களும் - 80 ஜிபி
சிஸ்டம் ரெஸ்டோர் - 12 ஜிபி
ரீசைக்கிள் பின் - 10 ஜிபி
காலியாக விட வேண்டியது - 40 ஜிபி
உங்கள் பைல்கள் - 96 ஜிபி

காலி இடம் எதற்கு என்று கேட்கலாம். எஸ்.எஸ்.டி. நிரம்ப நிரம்ப அதன் வேகம் குறையும். அப்டேட்களுக்கும் தற்காலிக பைல்களுக்கும் இடம் வேண்டும். வெளி டிஸ்க், உங்கள் பைல்களின் அளவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கட்டும். 96 ஜிபிக்கு ஒரு டிபி டிஸ்க் பல ஆண்டுகள் தாங்கும்.

பேக் அப் எடுத்து முடித்தவுடன் வெளி டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் இணைந்திருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேரும் மின்னலும் விட்டுவைக்காது. பென் டிரைவைத் தற்காலிகத்திற்கு மட்டும் பயன்படுத்துங்கள். மின் இணைப்பு இன்றி நீண்ட காலம் கிடந்தால் அதிலுள்ள டேட்டா மங்கக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் சிடியில் எழுதி வைத்த போட்டோக்கள் இருந்தால், அவை படிக்க முடிகிற நிலையில் இருக்கும்போதே டிஸ்க்கிற்கு மாற்றிவிடவும்.

எதை அழிக்கலாம்?

செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு ஸ்டோரேஜ் சென்றால் எது எவ்வளவு இடம் எடுத்துள்ளது என்று தெரியும். அங்கே டெம்பரரி பைல்ஸ் பகுதியில் உள்ளவற்றை நீக்கலாம். ஆனால் டவுன்லோட்ஸ் என்ற வரியில் டிக் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடவும். வங்கியிலிருந்தும் மெயிலிலிருந்தும் இறக்கியவை அங்கேதான் கிடக்கும். "முந்தைய விண்டோஸ் பதிப்பு" என்று ஒன்று பல ஜிபி அளவில் தெரிந்தால், புதிய பதிப்பு சரியாக இயங்குகிறதா என்று பார்த்த பிறகு நீக்கவும். பத்து நாட்களில் விண்டோஸே அதை நீக்கிவிடும்.

சுத்தம் செய்வதிலும் கவனம் தேவை என்பதற்கு மைக்ரோசாப்டே சாட்சி. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில், பயன்படாமல் கிடக்கும் வெற்று போல்டர்களை நீக்க ஒரு வழி சேர்க்கப்பட்டது. தங்கள் டாக்குமெண்ட்ஸ் போன்ற போல்டர்களை வேறு டிரைவிற்கு மாற்றியிருந்த சிலரின் கம்ப்யூட்டரில், பழைய போல்டர் வெறுமையாக இல்லாதபோதும் அது நீக்கப்பட்டது. உள்ளே இருந்த பைல்களும் போயின. சில நாட்களிலேயே அப்டேட்டை மைக்ரோசாப்ட் நிறுத்தி வைத்தது. வெளியே பேக் அப் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறுபவர்கள், மாறும் முன் ஒரு முழு பேக் அப் எடுத்துவிடுவது நல்லது. மாறிய பிறகு டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். இதற்கு டிஸ்க்கில் ஒரு எம்பி கூடத் தேவையில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் ஒருநாள் உங்கள் டிஸ்க்கே உங்களுக்குத் திறக்காமல் போகலாம்.

திறந்து பார்த்தீர்களா?

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் "டாய் ஸ்டோரி 2" அனிமேஷன் படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி பைல்கள் அழிந்தன. பேக் அப் இருந்தது. ஆனால் அது சரியாகப் பதிவாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் ஒரு பிரதியை வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்துதான் பெரும்பகுதியை மீட்டார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. வேறிடத்தில் இருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. சோதித்துப் பார்க்காத பேக் அப், டிஸ்க் இடத்தை எடுத்துக்கொண்டு சும்மா இருந்தது.

எனவே மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கை இணைத்து, ஏதேனும் ஐந்து பைல்களைத் திறந்து பாருங்கள். ஒரு பழைய போட்டோ, ஒரு புதிய போட்டோ, ஒரு வீடியோ, ஒரு டாக்குமெண்ட், ஒரு எக்ஸெல் பைல். ஐந்தும் திறந்தால் உங்கள் பேக் அப் வேலை செய்கிறது. பத்து நிமிடங்கள்கூட ஆகாது. பட்டை மீண்டும் சிவப்பாகும் நாளில், எதைப் பயமின்றி அழிக்கலாம் என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.